கையில் மிஞ்சியது எவ்வளவு?

(வானொலி மறையுரை. ஆண்டின் பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. வாசகங்கள்: 1 அரசர்கள் 17:10-16; எபிரேயர் 9:24-28; மாற்கு 12:38-44)



ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை பற்றிய நற்செய்தியை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். கோயில் கட்டும்போது இந்தப் பகுதியை வாசிக்கிறோம். திருவிழா நன்கொடைக்காக வீடு வீடாகப் போகும்போதும் இந்தப் பெண்ணைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். "அந்த ஏழைப் பெண்ணே கொடுத்தாள், நீங்கள் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டால் மறுபேச்சு பேச யாருக்கும் மனம் வராது. பங்குத்தந்தையர்களாகிய எங்களுக்கு மிகவும் வசதியான நற்செய்தி இது.

அப்படி வசதியாகத் தெரிவதால்தான் இதை நாம் இன்னொரு முறை நிதானமாக வாசிக்க வேண்டியிருக்கிறது. இந்த நிகழ்ச்சியைக் காணிக்கைப் பெட்டியின் பக்கமிருந்து பார்த்தே நமக்குப் பழகிவிட்டது. இயேசுவோ பெட்டிக்கு எதிரே அமர்ந்து பார்த்தார் என்று மாற்கு சொல்கிறார். நாமும் இன்று அவர் அருகில் போய் அமர்ந்து பார்ப்போம்.

பெட்டிக்கு எதிரே

எருசலேம் கோவிலில் பெண்கள் முற்றம் என்று ஓர் இடம் இருந்தது. ஆண்களும் பெண்களும் வரக்கூடிய இடம் அது. அங்கே 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதர்களின் மிஷ்னா நூல் கூறுகிறது. எக்காளத்தின் வடிவில் அமைந்த பெட்டிகள் அவை. ஒன்று கோவில் வரிக்கு, ஒன்று விறகுக்கு, ஒன்று சாம்பிராணிக்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் இருந்தது. ஆறு பெட்டிகள் மனமுவந்து தரும் காணிக்கைக்கு உரியவை. அக்காலத்தில் காகிதப் பணம் கிடையாது. எல்லாம் உலோகக் காசுகள். செல்வர்கள் அள்ளிப் போடும்போது எழும் ஓசையையும், இரண்டு சின்னஞ்சிறு செப்புக் காசுகள் விழும் ஓசையையும் நாமே கற்பனை செய்துகொள்ளலாம்.

அந்தப் பெண் போட்ட காசின் பெயர் லெப்டோன். யூத நாட்டில் புழங்கிய காசுகளிலேயே மிகச் சிறியது. உரோமை வாசகர்களுக்கு அது புரியாது என்பதால், இரண்டு லெப்டோன் சேர்ந்தால் ஒரு குவாட்ரன்ஸ் என்று மாற்கு விளக்குகிறார். 64 குவாட்ரன்ஸ் சேர்ந்தால் ஒரு தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி என்பது திராட்சைத் தோட்ட உவமையிலிருந்து நமக்குத் தெரியும். இன்று ஒருவருடைய நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பெண் போட்டது 10 ரூபாய். ஒரு தேநீருக்குக் கூடப் போதாத பணம்.

அதுதான் அவளிடம் இருந்த எல்லாம். அவளிடம் இருந்தது இரண்டு காசு என்பதையும் கவனிப்போம். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றொன்றைக் கையில் வைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தாலே, தனக்குள்ளதில் பாதியைக் கொடுத்தவளாக இருந்திருப்பாள். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் அவளைப் பார்த்ததாகவும் தெரியவில்லை, ஒருவரைத் தவிர.

முன்னும் பின்னும்

இனி, இந்த நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் மாற்கு என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்போம். இன்றைய வாசகத்தின் முதல் பகுதியில், தொங்கலாடை அணிந்து, சந்தையில் வணக்கம் பெற விரும்பும் மறைநூல் அறிஞர்களைக் குறித்து இயேசு எச்சரிக்கிறார். அவர்கள் செய்வதாக அவர் சொல்லும் குற்றங்களில் ஒன்று, நீண்ட நேரம் இறைவேண்டல் செய்துகொண்டே கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவது. அதற்கு இரண்டு வசனங்கள் தள்ளி ஓர் ஏழைக் கைம்பெண் வருகிறாள். அவள் போன பிறகு 13ஆம் அதிகாரம் தொடங்குகிறது. கோவிலின் கற்களையும் கட்டடங்களையும் சீடர் ஒருவர் வியந்து காட்ட, அங்கே கல்லின்மேல் கல் இராதபடி எல்லாம் இடிக்கப்படும் என்று இயேசு சொல்கிறார்.

மறைநூல் அறிஞர்கள் விழுங்கும் கைம்பெண் வீடு ஒரு பக்கம், இடிந்து விழப்போகும் கோவில் மறுபக்கம். நடுவில் தன்னிடம் இருந்ததெல்லாம் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் பெண். இதை மாற்கு தற்செயலாக இப்படி வரிசைப்படுத்தியிருப்பாரா?

மோசேயின் சட்டத்தில் அநாதை, கைம்பெண், அந்நியர் ஆகிய மூவரையும் கடவுள் தம் பாதுகாப்பில் வைத்திருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஊருக்குள் சேர்த்து வைத்து, லேவியரும் அந்நியரும் அநாதையும் கைம்பெண்ணும் உண்டு நிறைவடையச் செய்ய வேண்டும் என்று இணைச்சட்ட நூல் 14ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அதாவது, சேர்ந்த காணிக்கை கைம்பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டும். இங்கே கைம்பெண்ணின் கடைசிக் காசு பெட்டிக்குப் போகிறது. இயேசு அவளைப் போற்றுகிறார் என்பது உண்மை. அவளுடைய நிலைமையைக் கண்டு அவர் மகிழ்ந்தார் என்று சொல்ல நற்செய்தியில் ஆதாரம் இல்லை. நீங்களும் போய் அப்படியே செய்யுங்கள் என்று அவர் சீடர்களிடம் சொல்லவும் இல்லை. அவர்களை அருகில் அழைத்து, பாருங்கள் என்று காட்டுகிறார்.

ஒரு சோடிக் கம்மல்

அன்புக்குரியவர்களே, இதைப் பிறருடைய கதையாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ப் பங்கில் நாங்கள் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் என்றால், பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும்.

அந்த ஊரில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கோயில் வரி உண்டு. கோயில் புதுப்பிக்கும் வேலை நடந்ததால் அந்த ஆண்டு வரியைக் கூட்டியிருந்தோம். யார் யார் பாக்கி என்று ஒரு நோட்டு இருந்தது. ஞானஸ்நானம், திருமணம் என்று யார் வந்தாலும் முதலில் அந்த நோட்டைப் புரட்டுவது வழக்கம். வழக்கம் என்று சொல்லிக்கொண்டோம்; அது சரியா என்று நாங்கள் கேட்டுப் பார்த்ததில்லை.

கணவனை இழந்த ஒரு தாய், தன் மகளுக்குத் திருமண ஓலை வாசிக்க வேண்டும் என்று வந்தார். வயல் வேலைக்குப் போய்ப் பிழைக்கும் குடும்பம். நோட்டில் மூன்று வருடப் பாக்கி இருந்தது. பேரவை உறுப்பினர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினார். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நான்கு நாள் கழித்து வந்து முழுத் தொகையையும் மேசைமேல் வைத்தார்.

"பாக்கி எல்லாம் கட்டிட்டேன் சாமி. இனி ஓலை வாசிப்பீங்கல்ல?" என்று கேட்டார்.

ரசீது எழுதிக் கொடுத்தோம். அடுத்த மூன்று ஞாயிறு ஓலையும் வாசித்தோம். திருமணத்தன்று, மணமகளின் தாயாக அவர் முன்வரிசையில் நின்றபோது, அவர் காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குத் துண்டு செருகியிருந்தார். திருப்பலி முடிந்து உபதேசியார் மெதுவாகச் சொன்னார்: "கம்மல அடகு வச்சுத்தான் சாமி வரியக் கட்டினாங்க."

அந்த ஆண்டும் இதே ஞாயிறு வந்தது. இதே நற்செய்தியை வாசித்தோம். கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்கள் என்ற இடம் வந்தபோது குரல் தடுமாறியது.

பேரவையைக் கூட்டினோம். "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் விடச் சொல்வாங்க சாமி, அப்புறம் கோயில் எப்படி நடக்கும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நெடுநேரம் பேசிய பிறகு, அருளடையாளம் கேட்டு வருகிறவரிடம் வரி நோட்டை எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். அடுத்த ஆண்டு வசூல் குறைந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுத் திருவிழாவில் வாணவேடிக்கையை நிறுத்தினோம், சீரியல் விளக்குகளைக் குறைத்தோம். தேர் வழக்கம்போல் ஓடியது. ஆண்டவர் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

கம்மலை மீட்கும் பணத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். அவர் வாங்கவில்லை. "கோயிலுக்குக் குடுத்தது குடுத்ததுதான் சாமி. கம்மல நானே மீட்டுக்கிறேன்" என்றார். அந்தக் கடன் இன்னும் எங்கள் கணக்கில் இருக்கிறது.

மிச்சத்தைப் பார்க்கும் கண்கள்

இந்த நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. ஒன்று, கேட்டவர்களின் குற்றம். மற்றொன்று, கொடுத்தவரின் மாண்பு. முதல் உண்மையைச் சொல்வதால் இரண்டாவது மறைந்துவிடக் கூடாது. இன்றைய நற்செய்தியிலும் அப்படியே. மறைநூல் அறிஞர்களைக் கண்டித்த அதே இயேசு, அந்தப் பெண்ணின் செயலில் இறையாட்சியின் அடையாளத்தைக் காண்கிறார்.

மற்றவர்கள் தங்களுக்கு மிகுதியாக இருந்ததிலிருந்து போட்டார்கள்; இவள் தன் பற்றாக்குறையிலிருந்து போட்டாள் என்பது அவர் தரும் விளக்கம். உலகம் கொடுத்த தொகையை எண்ணுகிறது. ஆண்டவர் கொடுத்த பிறகு கையில் மிஞ்சியதை எண்ணுகிறார். மாதம் 1,00,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறவர் 5,000 கொடுத்தால் அவர் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கிறோம். அவர் கையில் 95,000 இருக்கிறது. ஒரு நாள் கூலியான 500 ரூபாயில் 100 ரூபாய் கொடுக்கிறவரின் பெயர் எங்கும் வராது. ஆனால் அன்றிரவு அவர் வீட்டு உலையில் ஏதோ ஒன்று குறைகிறது. தியாகம் என்ற சொல்லுக்குப் பொருள் அந்தக் குறைவில் இருக்கிறது.

அப்படியானால் ஏழைகள் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும் என்று திருஅவை கற்பிக்கிறதா? இல்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் தர்மம் பற்றி எழுதும்போது இதைத் தெளிவாக்குகிறார். தனக்கும் தன்னைச் சார்ந்தவர்களுக்கும் உயிர்வாழத் தேவையானதை எடுத்துத் தர்மம் செய்யும் கடமை பொதுவாக ஒருவருக்கு இல்லை. தேவைக்கு மிஞ்சியதிலிருந்து, துன்பத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது கட்டளை. திருத்தூதர் பவுலும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் இதையே சொல்கிறார். ஒருவரிடம் இருப்பதைக் கொண்டே கடவுள் அவருடைய கொடையை ஏற்கிறார். இல்லாததைக் கொண்டு அல்ல. மற்றவர்கள் சுமையின்றி இருக்க நீங்கள் துன்புற வேண்டும் என்பது தம் நோக்கமன்று, எல்லாரும் சமநிலையில் இருக்க வேண்டும் என்பதே நோக்கம் என்கிறார்.

ஆகவே இந்த நற்செய்தி ஏழைகளின் பையைத் திறக்கச் சொல்லும் கருவியன்று. வீட்டில் மூன்று வேளை உணவும், அலமாரியில் மடித்து வைத்த துணியும், வங்கியில் கொஞ்சம் சேமிப்பும் உள்ள நம்மிடம்தான் அது முதலில் பேசுகிறது.

பெறுகிறவரின் பொறுப்பு

இன்றைய முதல் வாசகத்திலும் ஒரு கைம்பெண். சீதோன் பகுதியில் உள்ள சாரிபாத்து ஊரைச் சேர்ந்தவர், இஸ்ரயேல் இனத்தவர் அல்லர். பஞ்ச காலம். பானையில் கையளவு மாவும், கலயத்தில் சிறிதளவு எண்ணெயும் மட்டுமே மீதி. அதைத் தானும் மகனும் உண்டபின் சாவை எதிர்நோக்கியிருந்த அவரிடம் எலியா முதலில் தமக்கு ஓர் அப்பம் கேட்கிறார்.

கேட்பதற்கே கூச்சமான வேண்டுகோள். ஆனால் எலியா வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. மழை பெய்யும்வரை உன் பானையும் கலயமும் காலியாகாது என்று ஆண்டவர் பெயரால் வாக்குக் கொடுக்கிறார். அதன்பின் அந்த வீட்டிலேயே தங்கி, அவர்களோடு உண்கிறார். அந்தப் பெண்ணின் மகன் நோயுற்று மூச்சு நின்றபோது அவனைத் தூக்கிக்கொண்டு ஆண்டவரிடம் மன்றாடியவரும் அவரே. ஆண்டவர் பெயரால் ஏழையிடம் கை நீட்டுகிறவர், அந்த ஏழையின் அடுப்புக்கும் பிள்ளைக்கும் பொறுப்பாளியாகிறார். எங்களைப் போன்ற குருக்களுக்கு எலியா கற்பிக்கும் பாடம் இது.

தொடக்கத் திருஅவை இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றிருந்தது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு வந்தபோது, அதைத் தீர்ப்பதற்காகவே எழுவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் மறைச்சாட்சி புனித ஜஸ்டின் எழுதிய முதல் தன்விளக்க நூலில், ஞாயிறு திருப்பலி எப்படி நடந்தது என்ற விவரம் இருக்கிறது. நற்கருணை பகிர்ந்த பிறகு, வசதியுள்ளவர்கள் தாங்கள் விரும்பிய அளவில் கொடுப்பார்கள். அது தலைவரிடம் சேரும். அவர் அதைக் கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் ஆகியோரைக் கவனிப்பார். ஞாயிறுதோறும் நம் வரிசைகளில் வரும் காணிக்கைத் தட்டு இந்த வேரிலிருந்து முளைத்தது.

251ஆம் ஆண்டில் திருத்தந்தை புனித கொர்னேலியு எழுதிய ஒரு கடிதத்தில், உரோமைத் திருஅவை 1,500க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் வறியோரையும் பராமரிப்பதாகக் குறிப்பிடுகிறார். அப்போது உரோமையில் நமக்குப் பெரிய ஆலயம் ஒன்றுகூடக் கிடையாது. மறைக்கலாபனையோ முடிந்தபாடில்லை. அந்த நிலையில் 1,500 பேருக்குச் சோறு. புனித அம்புரோஸ், போரில் சிறைப்பட்டவர்களை மீட்கத் திருக்கலங்களை உடைத்து உருக்கினார். அதைக் குறை கூறியவர்களுக்கு, ஆண்டவருக்குப் பொன்னைவிட மனித உயிர்களைக் காப்பது மேல் என்று விளக்கமும் அளித்தார்.

சட்டம் சொல்வது என்ன?

நம்பிக்கையாளர் திருஅவையின் தேவைகளுக்கு உதவக் கடமைப்பட்டவர்கள் என்று 1983ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத் தொகுப்பின் 222ஆம் எண் கூறுகிறது. வழிபாட்டுக்கும் நற்செய்திப் பணிக்கும் அன்புப் பணிக்கும் பணியாளர்களின் பிழைப்புக்கும் பணம் தேவை. மின் கட்டணமும் உபதேசியாரின் சம்பளமும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஆகவே மாதச் சந்தாவும் ஞாயிறு காணிக்கையும் நம் கடமை. அதே 222ஆம் எண், சமூக நீதியை வளர்க்கவும், தம் சொந்த வருவாயிலிருந்து ஏழைகளுக்கு உதவவும் நாம் கடமைப்பட்டவர்கள் என்றும் தொடர்கிறது. கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன், ஏழைக்கு அது போதும் என்று சொல்ல இடமில்லை. இரண்டும் வேண்டும்.

அதே சட்டத் தொகுப்பு எங்கள்மீதும் கடமைகளைச் சுமத்துகிறது. வறுமையின் காரணமாக யாரும் அருளடையாளங்களின் உதவியை இழக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் (எண் 848). ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் (எண் 1267). ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் (எண் 537). மக்கள் தந்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் (எண் 1287). "சாமியிடம் கணக்குக் கேட்கலாமா?" என்று தயங்க வேண்டாம். எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் பணம் திரட்டியபோது, தம்மீது யாரும் குறை காணாதபடி, சபைகளே தேர்ந்தெடுத்த ஒருவரையும் தீத்துவுடன் அனுப்பி வைத்தார். திருத்தூதருக்கே அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது என்றால் நாங்கள் எம்மாத்திரம்?

வலிக்காத கொடை

இனி நம் வீட்டுக்கு வருவோம். தாவீது அரசர் அரவுனாவின் களத்தில் பலிபீடம் கட்டப் போனபோது, களத்தையும் மாடுகளையும் இலவசமாகவே தருகிறேன் என்றான் அரவுனா. தாவீது மறுத்துவிட்டார். செலவின்றிக் கிடைத்ததை என் கடவுளுக்குப் பலியாக்க மாட்டேன் என்ற கருத்தில் பேசி, 50 வெள்ளி செக்கேல் கொடுத்து வாங்கினார். நாம் கொடுப்பவற்றில் எத்தனை, நமக்குச் செலவின்றிக் கிடைத்தவை? கிழிந்த சட்டை, பிள்ளைகள் வேண்டாம் என்று ஒதுக்கிய பொம்மை, விருந்தில் மீந்த சோறு. இவற்றைக் கொடுப்பது தவறில்லை, வீணாக்குவதைவிட நல்லது. ஆனால் இவற்றைக் கொடுத்ததும் நம் வாழ்க்கையில் எதுவும் குறையவில்லை.

இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த எர்மாவின் 'மேய்ப்பர்' என்னும் நூல் ஓர் எளிய வழியைக் காட்டுகிறது. நோன்பிருக்கும் நாளில் நாம் உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, அதை ஒரு கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ வறியவருக்கோ கொடுக்க வேண்டும். நம் தாய்மார்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பிடி அரிசிப் பழக்கமும் அதன் உறவுதான். குடும்பத்தின் உணவிலிருந்தே ஒரு பிடி குறைகிறது, மீந்ததிலிருந்து எடுப்பதன்று.

கொல்கத்தா புனித அன்னை தெரேசா, 1979ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஒஸ்லோ நகரில் ஆற்றிய நொபெல் பரிசு உரையில் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். எட்டுப் பிள்ளைகள் உள்ள ஓர் இந்துக் குடும்பம் சில நாள்களாக உணவின்றி இருப்பதாகக் கேள்விப்பட்டு அரிசி எடுத்துச் சென்றார். அந்தத் தாய் அரிசியை வாங்கி, இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்ததும், எங்கே போனாய் என்று அன்னை கேட்டார். அவர்களும் பசியாக இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டு இசுலாமியக் குடும்பம் அது. அன்னையை வியக்க வைத்தது அவள் கொடுத்தாள் என்பது மட்டுமன்று. தன் பிள்ளைகளின் பசிக்கு நடுவிலும் அடுத்த வீட்டின் பசி அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதே.

நமக்கு அடுத்த வீட்டின் பசி தெரிகிறதா? தெரியாவிட்டால் நம் கொடை எவ்வளவு பெரிதானாலும் குறி தவறிப் போகும்.

நாம் செய்யக்கூடியவை

இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் இரவுச் செபத்துக்குப் பிறகு பத்து நிமிடம் அமர்ந்து பேசலாம். போன மாதம் வந்த வருவாய் எவ்வளவு, அதில் நம் தேவைக்குப் போனது எவ்வளவு, பிறருக்குப் போனது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். பிள்ளைகளும் உடன் இருக்கட்டும். மாதக் கடைசியில் மிஞ்சினால் கொடுக்கலாம் என்றால் ஒருபோதும் மிஞ்சாது. முதலிலேயே ஒரு பங்கை எடுத்து வைத்துவிட வேண்டும். எவ்வளவு என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. எடுத்து வைத்த பிறகு வீட்டில் ஏதாவது ஒன்றைத் தள்ளிப்போட வேண்டியிருந்தால், அதுவே சரியான அளவு என்று அறிந்துகொள்ளலாம்.

திருமணம், புதுநன்மை, புதுவீடு புகுதல் போன்ற நாள்களில் விருந்தில் ஒரு வகையைக் குறைத்து, அந்தப் பணத்தைப் படிப்பை நிறுத்தும் நிலையில் உள்ள ஒரு பிள்ளையின் கட்டணமாக்கலாம். பெயர் சொல்லாமல் செய்யலாம். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பது ஆண்டவரின் போதனை. நம் ஊரில் டியூப் லைட்டிலும் மின்விசிறியிலும்கூட உபயம் எழுதி, இடக்கைக்கு மட்டுமல்ல, ஊருக்கே தெரிய வைக்கிறோம்.

பணம் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரின் அருகில் ஒரு மாலை அமர்வதும், மருத்துவமனையில் தனியாக இருக்கும் அயலாருக்குத் துணையிருப்பதும் காணிக்கையே. வாங்கும் நிலையில் இருப்பவர்களும் கூச்சமின்றி வாங்குங்கள். சாரிபாத்துப் பெண்ணின் வீட்டில் இறைவாக்கினரே வாங்கி உண்டார்.

பங்குப் பேரவையினருக்கும் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள். காணிக்கை எண்ணி முடிக்கும்போது தட்டில் கிடக்கும் கசங்கிய பத்து ரூபாய்த் தாளைக் கையில் எடுத்து ஒரு கணம் நினைப்போம். இதைப் போட்டவர் யார், இதைப் போட்ட பிறகு அவர் வீட்டில் என்ன மிஞ்சியது, இதை நாம் எதற்குச் செலவிடப் போகிறோம்?

வாழ்வு முழுவதும்

அந்தக் கைம்பெண் போட்டதைக் குறிக்க மாற்கு பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'பியோஸ்'. அதற்குப் பிழைப்புக்கான பொருள் என்றும், வாழ்வு என்றும் இரு பொருள் உண்டு. அவள் தன் பிழைப்பைப் போட்டாள், தன் வாழ்வையே போட்டாள். மாற்கு நற்செய்தியில், இயேசு எருசலேம் கோவிலில் பார்த்து, சீடர்களுக்குக் காட்டிய கடைசிக் காட்சி இது. அதற்குப் பிறகு அவர் கோவிலுக்குத் திரும்பவில்லை. சில நாள்களில் அவரும் தம் வாழ்வு முழுவதையும் கொடுக்கப் போகிறார். தம்மையே ஒரே முறை பலியாகக் கொடுத்த தலைமைக் குருவைப் பற்றி இரண்டாம் வாசகம் பேசுவதும் அதனால்தான். தாம் செய்யப் போவதை அந்தப் பெண்ணிடம் இயேசு முன்கூட்டியே கண்டார். மற்ற எவர் கண்ணிலும் படாத அவள், அவர் கண்ணில் பட்டதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு திருப்பலியிலும் அப்பமும் இரசமும் பீடத்துக்கு வரும்போது நம் காணிக்கையும் கூடவே வருகிறது. அவர் தம்மை முழுவதும் தருகிறார். நாம் மீந்ததைத் தருகிறோம். இந்த வேறுபாடு நம் மனத்தை உறுத்தினால், அந்த உறுத்தலே இன்றைய நற்செய்தி நமக்குத் தரும் அருள்.

வருகிற ஞாயிறு உலக வறியோர் நாள். திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டு ஏற்படுத்தி, 2017 முதல் பொதுக்காலம் 33ஆம் ஞாயிறன்று நாம் கடைப்பிடிக்கும் நாள் அது. அதற்குள் நம் ஒவ்வொருவருக்கும் ஆறு நாள்கள் இருக்கின்றன. நம் தெருவில், நம் அன்பியத்தில், காதில் ஈர்க்குச் செருகிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் நிற்கிறவர் யார் என்று தேடிப் பார்ப்போம். அவரிடமிருந்து எதையும் கேட்பதற்காக இல்லாமல், அவருக்கு நாம் பட்டிருக்கும் கடனை அடைப்பதற்காகப் போவோம்.

எதிரே அமர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆண்டவரே, நாங்கள் கொடுத்ததை எண்ணும் பழக்கத்திலிருந்து எங்களை விடுவியும். எங்கள் கையில் மிஞ்சியிருப்பது யாருடையது என்பதைக் காணும் கண்களைத் தாரும். உம் பெயரால் பெற்றுக்கொள்ளும் எங்களை, தந்தவர்களின் அடுப்புக்குப் பொறுப்பாளிகளாக்கும். ஆமென்.